மூன்று பானை ஓடு, ஒரு எக்செல் தாள்: பால்மிட்டிக், ஸ்டியரிக் ஐசோடோப் எண்களை எவ்வளவு நம்பலாம்?

ஓட்டாஞ்சில்லு

வணக்கம். நான் தொல்லியல் ஆய்வு மாணவி. வேதியியல் பன்னிரண்டாம் வகுப்போடு சரி, அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

குஜராத்தில் ஹரப்பா காலத்துக் குடியிருப்பு ஒன்றில் கிடைத்த சமையல் பானை ஓடுகளில் மூன்றை வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தோம். ஓட்டின் களிமண்ணுக்குள் ஊறிக் கிடக்கும் கொழுப்பு பாலினுடையதா, இறைச்சியினுடையதா என்று பார்க்கத்தான். பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது ஒரே ஒரு எக்செல் தாள். எல்லாம் பால்மிட்டிக், ஸ்டியரிக் என்ற இரண்டு கொழுப்பமிலங்களின் டெல்டா கார்பன்-13, அதாவது கனமான கார்பன்-13 விகிதம் ஒரு பொதுத் தரத்திலிருந்து ஆயிரத்தில் எவ்வளவு விலகுகிறது என்பது; விபிடிபி என்ற சர்வதேச அளவுகோலில், ‰ கணக்கு:

ஓடு அ: பால்மிட்டிக் −29.5, ஸ்டியரிக் −32.4
ஓடு ஆ: பால்மிட்டிக் −21.8, ஸ்டியரிக் −26.4
ஓடு இ: பால்மிட்டிக் −27.0, ஸ்டியரிக் −27.2

ஸ்டியரிக்கிலிருந்து பால்மிட்டிக்கைக் கழித்தால் அ −2.9, ஆ −4.6, இ −0.2. விதி எனக்குத் தெரியும்: −3.1-க்குக் கீழே போனால் பால், −3.1-க்கும் −1-க்கும் நடுவில் ஆடு மாட்டின் உடல் கொழுப்பு, −1-க்கு மேலே பன்றி மாதிரி அசைபோடாத விலங்கு. "அ இறைச்சிப் பானை, ஆ பால் பானை, இ பன்றி. எழுதி முடி" என்கிறார் கைடு. எனக்கு அ-வில்தான் மனசு ஒப்பவில்லை. 0.2 வித்தியாசத்தில் பால் இறைச்சியாகிவிடுமா?

பேஸ்லைன்_பாலு

தாயி, மொதல்ல ஒண்ணு கேக்கறேன். குரோமட்டோகிராம் குடுத்தாங்களா? பீக்கு படம், ஒவ்வொரு பொருளும் கருவிலேர்ந்து வெளிய வரப்ப ஏறி இறங்கற மேடு? நம்பர மட்டும் குடுத்தா அது ஜாதகம் பாத்த மாதிரிதான், நம்பறவங்க நம்பிக்கலாம்.

ரெண்டாவது, அந்த −29.5 அமிலத்துக்கா, மெத்தில் எஸ்டருக்கா? மூணாவது, ஒவ்வொண்ணும் எத்தன தடவ ரன் போட்டாங்க, பிளஸ் ஆர் மைனஸ் எவ்ளோ? இந்த மூணும் தாள்ல இல்லேன்னா உங்க கைடு எழுதச் சொன்னத இப்ப எழுதாதீங்க.

ஓட்டாஞ்சில்லு

மூன்றும் இல்லை அண்ணா. "ஐஆர்எம்எஸ் முடிவுகள்" என்று தலைப்பு (ஐசோடோப் விகிதம் அளக்கும் நிறைமானியாம்), கீழே எண்கள், அவ்வளவுதான். மெத்தில் எஸ்டர் என்றால் என்ன வித்தியாசம்?

கார்பன்காரன்

பாலு கேட்ட மூன்றும் சரியான கேள்விகள். கருவி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன், மற்றவர்களும் படிக்கிறார்களே.

இயற்கையில் உள்ள கார்பனில் பத்து லட்சம் அணுவுக்குச் சுமார் 11,000 அணு கார்பன்-13, மீதி கார்பன்-12. 1‰ வித்தியாசம் என்றால் அந்தப் பத்து லட்சத்தில் 11 அணு கூடக்குறைய. நீங்கள் சண்டை போடும் 0.2‰ என்பது பத்து லட்சத்தில் இரண்டு அணு. முதலில் இந்த அளவு மனதில் பதியட்டும்.

முன்பெல்லாம் ஓட்டில் உள்ள மொத்தக் கொழுப்பையும் ஒன்றாக எரித்து ஒரே எண் எடுப்பார்கள். அதில் மீனும் மாடும் எண்ணெயும் கலந்து கிடக்கும். ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியாகப் பிரித்து, பிரிந்த கையோடு ஐசோடோப் விகிதம் அளப்பதை 1978-ல் மாத்யூஸும் ஜான் ஹேய்ஸும் இண்டியானா பல்கலைக்கழகத்தில் செய்து காட்டினார்கள். பல வருடம் கழித்து அது விலைக்குக் கிடைக்கும் கருவியானது. இப்போதும் அடிப்படை அதேதான். ஜிசி (வாயு குரோமட்டோகிராபி) கருவியின் மெல்லிய நீளக் குழாயான கேப்பிலரியிலிருந்து சேர்மங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். வந்ததும் ஒரு மெல்லிய பீங்கான் குழாய்க்குள் போகும். உள்ளே செம்பு, நிக்கல், பிளாட்டினம் கம்பிகள், செம்பும் நிக்கலும் ஆக்சைடாக. சூடு 850 முதல் 1000 டிகிரி. அங்கே எல்லாம் எரிந்து கார்பன்-டை-ஆக்சைடும் தண்ணீருமாகிவிடும். தண்ணீரை நஃபியான் சவ்வு வழியாக வெளியேற்றியாக வேண்டும். மிச்சமிருந்தால் அயனி மூலத்தில் கார்பன்-டை-ஆக்சைடோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டி, நிறை 45-ல் பொய்யாக வந்து உட்காரும். உலர்ந்த வாயு நிறைமானிக்குள் போகும். அங்கே 44, 45, 46 என்று மூன்று கிண்ணங்கள், மூன்றும் ஒரே நேரத்தில் எண்ணும்.

இதில் கவனிக்க வேண்டியது: எரிந்த பிறகு பால்மிட்டிக்குக்கும் ஸ்டியரிக்குக்கும் முகம் கிடையாது. எல்லாம் கார்பன்-டை-ஆக்சைடுதான். எந்த பீக் யாருடையது என்று சொல்வது நேரம் மட்டும். பக்கத்தில் வேறொன்று ஒட்டிக்கொண்டு வந்தால் கருவிக்குத் தெரியாது. அதையும் சேர்த்தே எரித்து எண் கொடுத்துவிடும்.

இனி மெத்தில் எஸ்டர். கொழுப்பமிலத்தை அப்படியே ஜிசியில் விட்டால் பீக் இழுத்துக்கொண்டு போகும். அதனால் மெத்தனாலோடு வினைபுரிய வைத்து எஸ்டராக்குவார்கள். பால்மிட்டிக்கில் 16 கார்பன், எஸ்டரானதும் 17. அந்தப் பதினேழாவது கார்பன் உங்கள் ஹரப்பாக்காரர் சமைத்தது இல்லை, ஆய்வகத்து மெத்தனால் பாட்டிலில் இருந்து வந்தது. அதைக் கணக்கில் கழிக்க வேண்டும். உங்கள் தாளில் கழித்திருக்கிறார்களா?

சந்தேகப்பேர்வழி

கழிக்காவிட்டால்தான் என்ன? இரண்டு அமிலத்திலும் அதே மெத்தனால் கார்பன் ஒன்று. ஸ்டியரிக்கிலிருந்து பால்மிட்டிக்கைக் கழிக்கும்போது தானாக அடிபட்டுப் போகுமே. வித்தியாசத்தைத்தானே பார்க்கிறோம்?

கார்பன்காரன்

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அடிபடாது. பால்மிட்டிக் எஸ்டரில் அந்நியக் கார்பன் 17-ல் ஒன்று, ஸ்டியரிக்கில் 19-ல் ஒன்று. போதாக்குறைக்கு, இரண்டு எண்ணுமே மெத்தனாலை நோக்கி இழுக்கப்பட்டிருப்பதால் நடுவில் உள்ள இடைவெளியும் சுருங்கிக் கிடக்கும்.

ஓடு அ-வை எடுத்துக்கொள்வோம். மெத்தனால் −45 என்று வையுங்கள்; இயற்கை எரிவாயுவில் செய்த மெத்தனால் இப்படி லேசாக (கார்பன்-13 குறைந்து, எண் இன்னும் கீழே) இருப்பது சாதாரணம்.

பால்மிட்டிக்: எஸ்டர் எண்ணை 17-ஆல் பெருக்கு, மெத்தனால் எண்ணைக் கழி, 16-ஆல் வகு. (17 × −29.5 + 45) ÷ 16 = −28.53.
ஸ்டியரிக்: (19 × −32.4 + 45) ÷ 18 = −31.70.
வித்தியாசம் −3.17.

திருத்தாமல் −2.9, இறைச்சி. திருத்தினால் −3.17, பால். கைடு சொன்ன கோட்டை ஒரு பாட்டில் மெத்தனால் தாண்ட வைத்துவிட்டது. சரி, மெத்தனால் −28 என்றால்? அதே கணக்கில் −29.59, −32.64, வித்தியாசம் −3.05. மறுபடி இறைச்சி!

ஓடு ஆ-வுக்கு இந்தக் கவலையே கிடையாது. −45 போட்டால் −5.02, −28 போட்டால் −4.90. எப்படிப் புரட்டினாலும் பால். ஆக, பாட்டிலின் மதிப்பு தெரியாமல் தவிப்பது அ மட்டும்தான். ஒழுங்கான ஆய்வகம் மதிப்பு தெரிந்த ஒரு அமிலத்தை அதே மெத்தனாலில் எஸ்டராக்கி, அதிலிருந்து மெத்தனாலின் எண்ணைக் கண்டுபிடித்து வைத்திருக்கும். பாட்டில் மாறினால் மறுபடி பார்ப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

யாழினி_வேதி

அந்த −3.1 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடலாம். பிரிஸ்டலில் ரிச்சர்ட் எவர்ஷெட் குழு, பிரிட்டனில் சி-3 தீவனம் (கார்பன் லேசாக உள்ள கோதுமை, நெல் வகைச் செடிகள்) மட்டும் தின்று வளர்ந்த மாடு, ஆடு, பன்றிகளின் கொழுப்பையும் பாலையும் அளந்து போட்ட கோடுகள் இவை. 1998-ல் டட் என்பவரும் எவர்ஷெட்டும் சயன்ஸ் இதழில் எழுதியதுதான் தொடக்கம்.

ஏன் பாலில் ஸ்டியரிக் இவ்வளவு லேசு? பால்சுரப்பி ஸ்டியரிக் அமிலத்தைத் தானாகச் செய்யாது, பால்மிட்டிக்கைச் செய்யும். அசிட்டேட்டிலிருந்து, அதாவது தீவனத்தின் மாவுச்சத்து, நார்ச்சத்திலிருந்து. ஸ்டியரிக்கில் ஒரு பங்கு நேராகப் புல்லில் இருந்த நிறைவுறா 18-கார்பன் அமிலங்கள். பசுவின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றுக்கு ஹைட்ரஜன் ஏற்றி ஸ்டியரிக் ஆக்கிவிடும். செடியில் கொழுப்பு எப்போதும் மாவுச்சத்தைவிட லேசானது. அதனால் பாலில் பால்மிட்டிக்குக்கும் ஸ்டியரிக்குக்கும் இடையில் பெரிய பள்ளம். உடல் கொழுப்பில் இரண்டும் பெரும்பாலும் உள்ளேயே தயாராவதால் பள்ளம் சின்னது.

வித்தியாசத்தைப் பார்ப்பதன் லாபமும் இங்கேதான். சோளம், கம்பு மாதிரி கார்பன் கனமான சி-4 செடிகளின் தட்டை தின்ற மாட்டின் எண்கள் மொத்தமாக மேலே ஏறி நிற்கும், ஆனால் பள்ளம் அப்படியேதான் இருக்கும். ஓடு ஆ-வைப் பாருங்கள். பால்மிட்டிக் −21 பக்கம் வந்திருக்கிறது. அந்த மாடோ எருமையோ சி-4 தீவனம் நிறையத் தின்றிருக்கிறது. கட்ச்சில் கோட்டடா பட்லி என்ற ஹரப்பா கால ஊரின் ஓடுகளை வைத்து 2020-ல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் சக்கரவர்த்தி குழு வெளியிட்டதும் இதைத்தான் சொன்னது: கி.மு. 2500 வாக்கில் அங்கே பால் பதப்படுத்தினார்கள், மாடும் எருமையும் சிறுதானியத் தட்டை தின்றன. தெற்காசியாவில் பாலுக்கு இதுவே மிகப் பழைய நேரடிச் சான்று என்றார்கள். உங்கள் ஆ அந்த வரிசையில் சேரும்.

பேஸ்லைன்_பாலு

மெத்தனால் கணக்கு பேப்பர்ல முடிஞ்சுரும். என் பொழப்பு பீக்கு வெட்டறதுல. அத யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

ஜிசியில கார்பன்-13 உள்ள மூலக்கூறு கார்பன்-12 மூலக்கூறுக்கு ஒரு பொடி முன்னாடி வெளிய வரும். கனமானது பின்னாடிதானே வரணும்னு தோணும், ஆனா இங்க தலைகீழ். நிறை 45 பீக்கு 44-க்கு ஒரு 150 மில்லி செகண்டு முந்திக்கும். அதனால ஒரே பீக்குக்குள்ளயே முன்பக்கம் கனம், வால்பக்கம் லேசு. 45-ஐ 44-ஆல வகுத்து திரையில போட்டா மொதல்ல மேல ஏறும், அப்புறம் கீழ விழும், பாம்பு நெளியற மாதிரி இருக்கும்.

கரும்பு மாதிரிதான். அடிக்கரண இனிக்கும், நுனிக்கரண சப்புன்னு இருக்கும். எங்க வெட்டறேங்கறதப் பொறுத்து ருசி. பீக்கோட வால கொஞ்சம் சீக்கிரம் வெட்டிட்டா லேசான கார்பன் வெளிய போயிரும், நம்பர் பொய்யா மேல ஏறும். சின்ன பீக்குல, பின்னணி கொஞ்சம் ஆடுற இடத்துல, பேஸ்லைன (பீக்குக்கு அடியில போடற தரைக்கோடு) ஒரு நூல் நகத்தினா அர ‰ போயிரும். சாப்ட்வேர் தானா வெட்டும், உண்மதான். அது தானா தப்பாவும் வெட்டும்.

இன்னொண்ணு. ரியாக்டர் (எரிக்கற அந்த பீங்கான்) குழாய் வழியா போறப்ப எல்லா பீக்கும் கொஞ்சம் அகலமாயிரும். சாதா ஜிசி-எம்எஸ்ல (எரிக்காம நேரா நிறைமானிக்கு விடற கருவி) தனித்தனியா நின்னது, இங்க வந்து தோளோட தோள் ஒட்டிக்கும். ஸ்டியரிக் பக்கத்துல ஒலியிக் நிக்குதான்னு பாருங்க. பால்மிட்டிக் பக்கத்துல தாலேட்டு நிக்குதான்னு பாருங்க. ஓட்ட எதுல போட்டு வெச்சிருந்தீங்க?

ஓட்டாஞ்சில்லு

ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவரில். எல்லா இடத்திலும் அப்படித்தானே வைக்கிறார்கள்? தோண்டியதும் கழுவி, எண் எழுதி, கவரில் போட்டு விடுவோம்.

பேஸ்லைன்_பாலு

அதான் கேட்டேன். பிளாஸ்டிக்க வளைய வெக்கற தாலேட்டு கொழுப்போட சேந்து ஊறும். டைபியூட்டைல் தாலேட்டு பால்மிட்டிக் மெத்தில் எஸ்டருக்கு அடுத்தாப்புல வரும். ஓடு இ-ல ரெண்டு நம்பரும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கு பாருங்க, எனக்கு அதுல பன்னி தெரியல, பெட்ரோலியத்துல செஞ்ச பிளாஸ்டிக்கு தெரியுது. சும்மா சந்தேகம்தான். படம் வந்தா சொல்லிரலாம்.

சைக்கிள்பித்தன்

நான் கொழுப்புப் பக்கம் வந்தவன் இல்லை, ஆனால் இந்த "பீக்கை எங்கே வெட்டினாய்" சண்டையை ஏற்கெனவே ஒரு முறை வாய் பிளந்து படித்திருக்கிறேன். 2006 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், அதில் ஓட்டிய ஃபிளாய்ட் லாண்டிஸ்.

முந்தைய நாள் மலையில் துவண்டு பின்தங்கிய ஆள், 17-ஆவது கட்டத்தில் மோர்சின் வரை தனியாக ஓட்டி வந்து ஜெயித்தார். அன்றைய சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோன் சந்தேகம். பாரிஸ் அருகே ஷாத்தனே-மலப்ரி ஆய்வகம் இதே கருவியில், இதே மாதிரி, சேர்மம் சேர்மமாகக் கார்பன் பார்த்தது. மருந்துக் கடை டெஸ்டோஸ்டிரோன் சோயா மாதிரி சி-3 செடியின் ஸ்டீராலில் இருந்து வருவதால் லேசு. உடம்பு செய்யும் ஸ்டீராய்டு அவரவர் சாப்பாட்டைப் பொறுத்தது. இங்கேயும் தனி எண்ணைப் பார்ப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் உடைந்து வரும் பொருளுக்கும், அதோடு தொடர்பில்லாத பிரெக்னேன்டயாலுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. 3‰-க்கு மேல் போனால் மாட்டிக்கொள்வீர்கள். லாண்டிஸுக்கு ஒரு ஜோடியில் −6.14 வந்தது.

2007 மே மாதம் கலிபோர்னியாவில் மாலிபுவில் விசாரணை. நாள் கணக்கில் பீக் அடையாளம், பின்னணியைக் கையால் திருத்தியது, ஒட்டிக்கொண்டு வந்த பீக்குகள் என்று வழக்கறிஞர்கள் குரோமட்டோகிராபி பேசினார்கள்! செப்டம்பரில் இரண்டுக்கு ஒன்று என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பு. முதல் கட்டச் சோதனையை ஆய்வகம் விதிப்படி செய்யவில்லை என்று நடுவர்களே தள்ளிவிட்டார்கள். ஐசோடோப் முடிவு மட்டும் நின்றது. 2008-ல் மேல்முறையீடும் தோற்றது.

சந்தேகப்பேர்வழி

2010-ல் அவரே ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டாரே. அப்புறம் என்ன விவாதம், கருவி சொன்னது சரிதானே?

சைக்கிள்பித்தன்

அவர் ஒப்புக்கொண்டது வருடக்கணக்கில் எடுத்த பல சமாச்சாரங்களை. அந்த டூரில் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கவில்லை என்பதில் அப்போதும் நின்றார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கார்பன்காரன்

லாண்டிஸ் விஷயத்தை இங்கே இழுத்தது நல்லதுதான். 3‰ கோட்டுக்கு எதிரே 6 வந்தால் பின்னணித் திருத்தத்தில் அரை ‰ முன்னே பின்னே போனாலும் தீர்ப்பு மாறாது. என்னைப் பொறுத்தவரை அந்த ஜோடி ஒன்றே போதுமானது. அதே கோப்பில் மற்ற ஜோடிகளில் சில கோட்டுக்கு உள்ளேயே நின்றன; வக்கீல்கள் பிடித்துக்கொண்டது அவற்றைத்தான். கோட்டை ஒட்டி நிற்கும் எண்ணை வைத்து யாரையும் தூக்கில் போடவும் கூடாது, விடுதலை செய்யவும் கூடாது.

ஓடு அ-வுக்கு வாருங்கள். நல்ல ஆய்வகத்தில் ஒரு சேர்மத்துக்குப் பிழை ±0.3‰ என்று வையுங்கள். இரண்டு எண்ணைக் கழிக்கும்போது பிழைகளும் சேரும். இரண்டின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ±0.42. −3.17-ஐச் சுற்றி இந்தப் பட்டையைப் போடுங்கள். −2.75-லிருந்து −3.59 வரை. கோடு நடுவிலேயே ஓடுகிறது. இது பால் என்று எழுதினால் நான் நடுவராக இருந்தால் திருப்பி அனுப்புவேன். இறைச்சி என்று எழுதினாலும் அப்படியே.

நிலத்தடி

நாங்கள் நிலத்தடி நீர் மாசில் இதே கருவியைப் பயன்படுத்துகிறோம், ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். கிணற்றில் டிரைகுளோரோஎத்திலீன் (ஆலைகளில் பயன்படும் கரைப்பான்) அளவு குறைந்தால் நுண்ணுயிர் தின்றதா, மழைநீரில் கலந்து நீர்த்ததா என்று தெரியாது. தின்றிருந்தால் லேசான கார்பன் பிணைப்பு முதலில் உடையும், மிச்சம் இருப்பது கனமாகும். நீர்த்தால் விகிதம் மாறாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் போட்ட வழிகாட்டி, 2‰ அளவாவது மாறினால்தான் சிதைவு என்று அடித்துச் சொல்லச் சொல்கிறது. கருவி அரை ‰ அளக்கும், ஆனால் முடிவு 2-ல். உங்கள் துறையில் 0.2-க்குச் சண்டை போடுவதைப் பார்த்தால் எங்களுக்கு மயக்கமே வருகிறது.

மட்டுறுத்துநர்

கிணறு, சைக்கிள் இரண்டுக்கும் தனி இழை தொடங்கலாம். இங்கே பானை மட்டும்.

யாழினி_வேதி

பானைக்கே வருகிறேன். அளவை எல்லாம் சரியாகவே இருந்தாலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அது இந்தியாவில் பெரிசு. ஒரு பானையில் ஒரு பொருள் மட்டுமா சமைப்பார்கள்?

சி-3 இலை தழை தின்ற ஆட்டின் கறி, பால்மிட்டிக் −29, ஸ்டியரிக் −31 என்று வையுங்கள். பள்ளம் −2, சந்தேகமில்லாத இறைச்சி. அதே பானையில் சிறுதானியக் களியோ கூழோ கிண்டினார்கள். தானியத்தில் பால்மிட்டிக் இருக்கும், ஸ்டியரிக் மிகக் கொஞ்சம். சி-4 தானியத்தின் பால்மிட்டிக் −20 என்றும், பானையில் உள்ள மொத்தப் பால்மிட்டிக்கில் அது ஐந்தில் ஒரு பங்கு என்றும் கொண்டால்:

0.8 × −29 + 0.2 × −20 = −27.2

ஸ்டியரிக் அசையாமல் −31. பள்ளம் இப்போது −3.8. ஒரு சொட்டுப் பால் இல்லாமல் பால் பானை தயார்.

பிரிட்டனில் இந்தக் கவலை இவ்வளவு இல்லை. அங்கே விளைந்தது எல்லாம் சி-3. சி-3, சி-4 இரண்டும் தட்டிலும் தொழுவத்திலும் கலந்து புழங்கிய இடத்தில் பிரிட்டிஷ் கோட்டை அப்படியே பெயர்த்து வைக்கக் கூடாது. 2021-ல் அக்ஷ்யேதா சூர்யநாராயண் குழு ஹரியானா, உத்தரப்பிரதேசத்து ஹரப்பா ஓடுகளை ஆராய்ந்து எழுதியபோது விலங்குக் கொழுப்பே மேலோங்கி இருப்பதாகச் சொன்னார்கள். பாலுக்கான நேரடிச் சான்று அவ்வளவாகக் கிடைக்கவில்லை. செய்தித்தாள்களில் "ஹரப்பாவில் இறைச்சி" என்று அது எப்படி எல்லாம் திரிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கட்டுரையில் கலவை பற்றிய எச்சரிக்கை இருந்தது, தலைப்புச் செய்தியில் அதற்கு இடமில்லை.

சந்தேகப்பேர்வழி

அப்படியானால் ஓடு ஆ-வும் களியும் கறியுமாக இருக்கலாமே? −5 என்றதும் பால் என்று தாவிவிட்டீர்கள்.

யாழினி_வேதி

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். போட்டுப் பார்க்கலாம். கார்பன்காரன் போட்ட −45 மெத்தனால் கணக்கில் திருத்தினால் ஆ-வில் ஸ்டியரிக் −25.4, பால்மிட்டிக் −20.4. கறியின் பள்ளம் −2 என்றால் அந்தக் கறியின் பால்மிட்டிக் −23.4 இருக்க வேண்டும். அதை −20.4-க்குத் தூக்க, −18 மதிப்புள்ள தானியம் மொத்தப் பால்மிட்டிக்கில் பாதிக்கு மேல் வேண்டும். அவ்வளவு தானியக் கொழுப்பு இருந்தால் ஸ்டியரிக்கைவிடப் பால்மிட்டிக் பீக் பல மடங்கு உயர்ந்து நிற்கும். அதனால்தான் பீக் படம் அவசியம். இரண்டும் கிட்டத்தட்ட சம உயரம் என்றால் நான் பால் பக்கம்தான். நிச்சயம் வேண்டும் என்றால் சட்டியில் ஒட்டிய அடிப்பிடிப்பில் பால் புரதம் இருக்கிறதா என்று தனியாகத் தேடலாம். துருக்கியின் சட்டல்ஹோயூக் ஓடுகளில் 2018-ல் அப்படிக் கண்டுபிடித்தார்கள்.

ஓட்டாஞ்சில்லு

எல்லோருக்கும் நன்றி. கேட்டதற்கு ஆய்வகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. எண்கள் எஸ்டருக்கானவை, திருத்தவில்லை. "பயனர் திருத்திக்கொள்வார் என்று நினைத்தோம்" என்றார்கள்! மெத்தனால் −38.0. மும்முறை ரன், பிழை ±0.3. பீக் படமும் அனுப்பினார்கள்.

கணக்குப் போட்டேன், சரியா பாருங்கள். அ: −28.97, −32.09, வித்தியாசம் −3.12. ஆ: −20.79, −25.76, வித்தியாசம் −4.97, இரண்டு பீக்கும் ஏறக்குறைய சம உயரம். இ: −26.31, −26.60, வித்தியாசம் −0.29, பால்மிட்டிக் பீக்கின் வால் பக்கம் ஒரு முட்டு தெரிகிறது.

அ எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். கோட்டின் மேலேயே!

கார்பன்காரன்

கணக்கு சரி. ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: அளவுகோலை எதை வைத்துக் கட்டினார்கள்? சிலிண்டரில் இருந்து நேராக விடும் கார்பன்-டை-ஆக்சைடு மட்டும் போதாது. அது ஜிசி வழியாகவும் வராது, ரியாக்டரிலும் எரியாது. மாதிரி போன அதே பாதையில் மதிப்பு தெரிந்த எஸ்டர்களும் போயிருக்க வேண்டும். யுஎஸ்ஜிஎஸ்70 (−30.53), யுஎஸ்ஜிஎஸ்71 (−10.50) என்று 20-கார்பன் அமிலத்தின் மெத்தில் எஸ்டர்கள் இதற்கென்றே இருக்கின்றன. உங்கள் எண்கள் இந்த இரண்டுக்கும் நடுவிலும் கொஞ்சம் கீழேயும் விழுவதால் அவை பொருத்தம்.

கட்டுரையில் ஆ பால். அ "அசைபோடும் விலங்கின் கொழுப்பு, பாலா உடல் கொழுப்பா எனப் பிரிக்க இயலவில்லை". பிழைப் பட்டையோடு படத்தில் போடுங்கள், புள்ளியாக மட்டும் போடாதீர்கள்.

பேஸ்லைன்_பாலு

அந்த முட்டு தாலேட்டான்னு பாக்க அதே மாதிரிய சாதா ஜிசி-எம்எஸ்ல ஒரு ரன் போடச் சொல்லுங்க. நிறை 149 பெருசா நின்னா தாலேட்டுதான். நின்னுச்சுன்னா இ-ய தூக்கிருங்க. பன்னின்னு மட்டும் எழுதிராதீங்க, பிளாஸ்டிக் கவருக்கு நாலு காலு மொளச்சிரும்.

ஓட்டாஞ்சில்லு

கைடிடம் காட்டினேன். ரொம்ப நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "அப்போ இன்னும் பத்து ஓடு அனுப்பு" என்றார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அனுப்பும்போது என்ன எல்லாம் பார்க்க வேண்டும்?

பேஸ்லைன்_பாலு

தோண்டினதும் கழுவாதீங்க, வெறுங்கையில தொடாதீங்க, கை எண்ணெயில இருக்கற ஸ்குவாலீன் ஏறிரும். அலுமினியத் தாள்ல சுத்தி, அதுக்கு மேல வேணும்னா கவரு. பானையோட வாய்ப்பக்க ஓடு இருந்தா அத அனுப்புங்க, கொழுப்பு மேல மிதந்து அங்கதான் நெறைய ஏறியிருக்கும். ஓட்டுக்கு ரெண்டு மூணு கிராம் போதும். மேல ஒரு மில்லிமீட்டர டிரில்ல தேச்சு எடுத்துட்டு உள்மண்ண மட்டும் எடுக்கச் சொல்லுங்க. கிராமுக்கு 5 மைக்ரோகிராம் கொழுப்பு கூட தேறலேன்னா ஐசோடோப்பு ரன்னே வேண்டாம், காசு மிச்சம்.

யாழினி_வேதி

அந்த ஓடு கிடந்த குழியிலிருந்து ஒரு பிடி மண்ணும் சேர்த்து அனுப்புங்கள். ஓட்டில் இருக்கும் கொழுப்பு மண்ணில் இருந்து ஏறியதா என்று கேட்பார்கள், மண்ணிலும் அதே பீக்குகள் வந்தால் பதில் சொல்ல முடியாது. குழி எண்ணை மறக்காமல் எழுதுங்கள், அலுமினியத் தாளில் மார்க்கர் அழிந்துவிடும். பென்சிலால் காகிதத்தில் எழுதி, வெளிப் பக்கம் கட்டுங்கள்.